நுவரெலியாவுல டர்போவுக்கு ஸ்டாக் மேப் சென்சரே போதுமாம்!

கொட்டகலை_கராஜ்:
நேத்து நுவரெலியா_பொடியன் போட்ட போஸ்ட பாத்ததுல இருந்து மண்டை காயுது. மலையில காத்து லேசு, அதனால 800 ஆல்டோவுக்கு டர்போ (காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கிற சாமான்) போட்டாலும் ஸ்டாக் மேப் சென்சர, அதாவது கம்பனியில இருந்தே வந்த, காத்து பிரஷர அளக்கிற சென்சர, மாத்தத் தேவையில்ல, கராஜ்காரங்க காசு புடுங்கத்தான் பயம் காட்டுறாங்கன்னு எழுதியிருக்காரு. தம்பி, அது '1 பார்' சென்சர். எஞ்சினுக்குக் காத்து போற இன்டேக் மெனிஃபோல்டுக்குள்ள இருக்கிற பிரஷர சுமார் 105 கிலோபாஸ்கல் வரைக்கும்தான் அளக்கும். அதுக்கு மேல நீ எவ்வளவு காத்த திணிச்சாலும் வோல்டேஜ் 5க்குக் கொஞ்சம் கீழ போய் அப்படியே நின்னுரும், எஞ்சினோட கம்ப்யூட்டர் ஈசியூ அந்தப் பழைய கணக்குக்கே பெற்றோல் அடிக்கும், காத்து ஜாஸ்தி, பெற்றோல் கம்மி, அதான் லீன், அப்படி ஆகி நாக் வந்து, அதாவது உள்ள கண்டபடி வெடிச்சு, பிஸ்டன் போயிரும். தெரியாட்டி எழுதாத.

நுவரெலியா_பொடியன்:
அண்ணே கணக்கு பாத்துட்டு பேசுங்க. நுவரெலியா டவுன் 1868 மீட்டர். இங்க வெளிக்காத்தே 81 கிலோபாஸ்கல்தான். நான் வச்சிருக்கிற பூஸ்ட், அதான் டர்போ வெளிக்காத்துக்கு மேல ஏத்துற பிரஷர், 0.2 பார், அதாவது 20 கிலோபாஸ்கல். 81ம் 20ம் 101. நீங்க சொன்ன 105க்குள்ளதான இருக்கு? கொழும்புல டர்போவே இல்லாத ஆல்டோவுக்கு கிடைக்கிற காத்துதான் என்னோட காருக்கு இங்க கிடைக்குது. அந்த 101க்கு கம்பனிக்காரனே கணக்கு போட்டு வச்சிருக்கான். 101. திரும்பத் திரும்ப வாசிங்க.

கொட்டகலை_கராஜ்:
நீ காரை கிரகரி லேக் பக்கத்துலயே கட்டிப்போட்டு வச்சிருப்பியா? பூஸ்ட கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் ஸ்பிரிங்குக்கு ஊரு தெரியாது. வெளிக்காத்துக்கு மேல 0.2ன்னா எந்த ஊருக்குப் போனாலும் மேல 0.2தான். ஹட்டன் 1270 மீட்டர், அங்க வெளியில 87, உன்னோட 20ஐ சேத்தா 107, அங்கயே உன் சென்சர் குருடு. கினிகத்தேனை, கித்துல்கல இறங்கி அவிசாவளைக்கு வந்தா 120ஐ தாண்டும். அங்க ஒரு லொறிய ஓவர்டேக் பண்ண மிதிச்சன்னா அவ்வளவுதான்.

பதுளை_மச்சான்:
அப்ப எங்க பதுளைக்கு எப்படி அண்ணே? நாங்க 680 மீட்டர்தான. எனக்கும் டர்போ ஆசை இருக்கு. இன்னொண்ணு, சைலன்ஸர் பைப்புல புகையில இருக்கிற ஒட்சிசன பாக்கிற ஓட்டூ சென்சர் இருக்கே, லீன் ஆனா அது ஈசியூவுக்குச் சொல்லிராதா?

கொட்டகலை_கராஜ்:
பதுளையில வெளியிலயே 93. 20 ஏத்தினா 113, நினைச்சும் பாக்காத. ஓட்டூ சென்சர் கதைய எல்லாரும் சொல்லுறீங்க, அது நேரோபேண்ட் தம்பி. எடையில ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காத்து, அதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அது மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஃபுல்லா மிதிச்சா ஈசியூ அதோட பேச்ச கேக்கிறதே இல்ல. டர்போ எஞ்சினுக்கு லோடுல 12 பக்கம் இருக்கணும், 12ஆ 13ஆன்னு பாக்க, அளவ சரியா காட்டுற வைட்பேண்ட் சென்சர் வேணும். வைட்பேண்டுன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது, நுவரெலியா_பொடியன் என்கிட்ட ஒரு வைட்பேண்ட் கேஜ் இரவல் வாங்கிட்டுப் போனாரே, அது எங்க?

நுவரெலியா_பொடியன்:
அது இப்ப எதுக்கு? கேஜ் திருப்பித் தந்தாச்சு, உங்க கடைப் பொடியன்கிட்ட கேளுங்க. அந்தக் கேஜ வச்சுத்தான் நானே பாத்தேன், டவுன் பக்கத்து ஏத்தத்துல மூணாவது கியர்ல ஃபுல் மிதி மிதிச்சும் 12.5ல நின்னுச்சு. ஏன்னா 101.

கொட்டகலை_கராஜ்:
கேஜோட சென்சர் பிளக் உடைஞ்சு வந்துச்சு. அத யாரு உடைச்சது?

தலவாக்கலை_டர்போ:
ரெண்டு பேரும் வீட்டுச் சண்டைய இன்பாக்ஸ்ல வச்சுக்கங்க. ஜப்பான்காரன் 1987லயே ஆல்டோ வேர்க்ஸ்ங்கிற மாடல்ல டர்போ போட்டு 64 குதிரை எடுத்தான். சின்ன எஞ்சினுக்கு டர்போ ஆகாதுன்னு சொல்லுறவங்க வரலாறு படிக்கணும்.

கொட்டகலை_கராஜ்:
ஆகாதுன்னு எவன் சொன்னான்? அந்த எஞ்சின் ஃபெக்டரியிலயே டர்போவுக்குன்னு வந்தது. கம்ப்ரெஷன் கம்மி, இன்ஜெக்டர் பெருசு, பூஸ்ட அளக்கிற சென்சர், அதுக்கு எழுதின ஈசியூ. நீங்க பழைய கார்ல இருந்து டர்போவ மட்டும் கழட்டி வந்து மாட்டுறீங்க. காத்து வெப்ப சென்சரயும் ஃபில்டர் பெட்டியிலயே விட்டுர்றாங்க. வெளியில 16 டிகிரி குளிர், டர்போவ தாண்டினா காத்து கொதிக்குது, ஈசியூ குளிர்னு நினைச்சு இக்னிஷன, அதான் ஸ்பார்க் அடிக்கிற நேரத்த, பின்னுக்கு இழுக்காம விட்டுரும். ஒரு எஞ்சின் எங்கிட்ட வந்துச்சு, ஸ்பார்க் பிளக்க கழட்டினா வெள்ளைப் பீங்கான்ல மிளகுப்பொடி தூவின மாதிரி மினுமினுன்னு புள்ளி. என்னன்னு பாத்தா பிஸ்டனோட அலுமினியம். உள்ள ரிங் உக்கார்ற வரம்பு உடைஞ்சு ரெண்டா கிடந்துச்சு. அந்த ஆளும் 'மலையில ஒண்ணும் ஆகாது'ன்னுதான் சொன்னான்.

நுவரெலியா_பொடியன்:
எத்தனை பூஸ்ட் வச்சிருந்தான்? அத சொல்ல மாட்டீங்களே.

கொட்டகலை_கராஜ்:
0.5.

நுவரெலியா_பொடியன்:
அப்ப 81ம் 50ம் 131. 131 எங்க, 101 எங்க? என்னைய எதுக்கு அதுல சேக்கிறீங்க? நான் 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறேன், 92 தொடுறதே இல்ல.

தலவாக்கலை_டர்போ:
95 அடிச்சா தேவையில்லாத செலவு, ஆல்டோவுக்கு 92 போதும்.

பதுளை_மச்சான்:
டர்போவுக்கு 92ஆ? நல்லா இருக்கே.

தலவாக்கலை_டர்போ:
நீ இன்னும் டர்போவே வாங்கல, உனக்கு எதுக்கு இந்தப் பேச்சு?

கொட்டகலை_கராஜ்:
பெற்றோல் கதைய விடுங்கடா, கேள்வி சென்சர் பத்தி. மூணு பார் வரைக்கும் அளக்கிற சென்சர் ஒண்ணு போட்டு, அது சொல்றத வாசிக்கிற மாதிரி ஈசியூவ டியூன் பண்ணு. சென்சர மட்டும் மாத்திட்டு டியூன் பண்ணாம விட்டாலும் கெட்டுது, அந்த வோல்டேஜ ஈசியூ தப்பாத்தான் வாசிக்கும். பூஸ்டும் சொன்ன இடத்துல நிக்கிற சாமான் இல்ல, கியர் மாத்தி மிதிக்கையில ஒரு நொடி 0.3க்கு ஏறி இறங்கும். அந்த ஒரு நொடி உன்னோட சென்சருக்குத் தெரியாது.

நுவரெலியா_பொடியன்:
0.3ன்னா 111. ஒரு நொடிக்கு ஒண்ணும் ஆகாது. நான் கொழும்புக்குப் போனா பஸ்லதான் போவேன், காரு இங்கதான் ஓடும். 81ம் 20ம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.

கொட்டகலை_கராஜ்:
ஹட்டன்ல 107. முதல்ல அதுக்கு பதில் சொல்லு. கேஜ் பிளக் காசையும் அனுப்பு.

நுவரெலியா_பொடியன்:
நான் ஹட்டன்ல குடியிருக்கல அண்ணே. 101.