28 கோர் பழைய ஜியானா, 12 கோர் புதிய எபிக்கா: கப்பலூர் கிடங்குக்கு எது பொருந்தும்?

கப்பலூர்க்காரன்:
வணக்கம். மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் உதிரிபாக மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். கிடங்கிலும் கீழமாசி வீதிக் கடையிலும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது பேர் ஒரே பில்லிங் மென்பொருளில் வேலை செய்கிறார்கள். பின்னால் இருப்பது விண்டோஸ் சர்வரும் ஒரு தரவுத்தளமும்தான். இப்போதைய சர்வரை மாற்றியே ஆக வேண்டும்.

முதலாளியின் மேசையில் இரண்டு விலைப்பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் பழைய சர்வர்: இன்டெல்லின் ஜியான் இ5-2680 வி4 சிப் இரண்டு (சேர்த்து 28 கோர், அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 256 ஜிபி ரேம். இன்னொன்று புதியது: ஏஎம்டியின் எபிக் 4464பி சிப் ஒன்று (12 கோர்), 64 ஜிபி ரேம். பழையதன் விலை புதியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "28 கோர் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது 12 கோருக்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

வடகரைவாசி:
முதலாளி கேட்பது நியாயமான கேள்வி. பழையதை வாங்குங்கள்.

2680 வி4 என்பது 2016 மார்ச்சில் வந்த பிராட்வெல் தலைமுறை. ஒவ்வொரு சிப்பிலும் 14 கோர், சிப்புக்குள்ளேயே 35 எம்பி கேஷ் நினைவகம், நான்கு வழி டிடிஆர்4-2400 ரேம். ஒரு சாக்கெட்டுக்கு, அதாவது ஒரு சிப் உட்காரும் இடத்துக்கு, நொடிக்கு 76.8 ஜிபி தரவு போய்வரும். இரண்டுக்கும் சேர்த்து 153.6. நீங்கள் சொல்லும் 4464பியில் இருப்பது இரண்டே வழி டிடிஆர்5-5200. கணக்குப் போட்டால் 83.2 ஜிபிதான் வருகிறது. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த சிப், ரேம் வேகத்தில் பழைய ஜோடிக்குப் பாதியளவுதான் என்பதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. டிஸ்க், நெட்வொர்க் அட்டைகளை இணைக்கும் பிசிஐஇ வழிகளும் பழைய ஜோடியில் 80, புதியதில் 28. புதியது 192 ஜிபி ரேமோடு நின்றுவிடும். பழையதில் ஒரு சாக்கெட்டுக்கே 1.5 டிபி வரை போகலாம். நல்ல இரும்பைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகக் கடன் வாங்கும் பழக்கத்தை நான் ஏற்பதே இல்லை.

நாகமலைப் பொறியாளர்:
ஐயா, எண்களில் பிழையில்லை. ஆனால் அந்த எண்கள் தம்பியின் வேலைக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பில் போடும்போது அந்தக் கட்டளை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். மற்ற 27 கோரும் அந்த ஒரு பில்லை வேகப்படுத்தப் போவதில்லை. 2680 வி4 ஒற்றைக் கோரில் அதிகபட்சம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ். 4464பி 5.4 வரை ஏறும். அதற்கும் மேலே, ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் ஜென் 4 தலைமுறைக் கோர் செய்து முடிக்கும் வேலை பிராட்வெல்லைவிட அதிகம். 153 ஜிபி ரேம் வேகத்தை நிரப்ப நாற்பது பேரின் பில்லிங்கால் முடியவே முடியாது.

இரண்டாவது, உரிமம். விண்டோஸ் சர்வர் 2016 முதல் கோர் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். 12 கோர் சிப்புக்கு அந்த 16 போதும். பழைய ஜோடிக்கு 28 கோருக்கும் கட்ட வேண்டும். முதலாளி கையில் இருக்கும் விலைப்பட்டியலில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வடகரைவாசி:
உரிமம்தான் தடை என்றால் அதே மதர்போர்டுப் பலகையில் இரண்டு இ5-2667 வி4 பொருத்தலாமே! சிப்புக்கு 8 கோர், அடிப்படை வேகம் 3.2, உச்சம் 3.6 ஜிகாஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து சரியாக 16. உரிமத்தில் ஒரு ரூபாய் கூடாது. பழைய சந்தையின் பலமே இதுதான்: பலகையை வைத்துக்கொண்டு சிப்பை மட்டும் மாற்றலாம்.

அடுத்து மின்சாரக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். 2680 வி4இல் 120 வாட் என்று எழுதியிருப்பதால் நாள் முழுதும் 120 வாட் எரிவதில்லை. உங்கள் 65 வாட் 4464பியும் 88 வரை இழுக்கும்.

நாகமலைப் பொறியாளர்:
2667 வி4 நல்ல தேர்வு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மாறிய கணமே "28 கோர்" என்ற வாதம் போய்விட்டது. முதலாளியைக் கவர்ந்ததே அந்த எண்தான். இப்போது 16 பழைய கோருக்கும் 12 புதிய கோருக்கும்தான் போட்டி. சிப்புக்கு 135 வாட் வேறு.

மின்சாரத்தை அட்டையில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்லவில்லை. இரட்டைச் சாக்கெட் சர்வர் சும்மா இருக்கும்போதும் இரண்டு சிப், வரிசையாக ரேம், ஓயாத விசிறிகள் என்று இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வித்தியாசம் 150 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம்; 1,314 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் 13,000 ரூபாய்க்கு மேல். அந்த வெப்பம் முழுவதையும் ஏசி வெளியே தள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் கப்பலூர்த் தகரக் கூரைக் கிடங்கில் ஏசி எந்த நிலையில் ஓடுகிறது என்பதைத் தம்பியே சொல்லட்டும்.

பரங்குன்றத்து மாணவி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல ஓடுபவை) போட்டுப் படிக்க பழைய சர்வர் வாங்கப் போகிறோம். 2012இல் வந்த இ5-2670 மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

வடகரைவாசி:
வேண்டாம் அம்மா. அதில் பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் கிடையாது. 2025இல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 10 இயங்குதளத்துக்கு அது கட்டாயம். வி3, வி4 சிப்புகளில் உண்டு. அவற்றில் ஒன்றை எடுங்கள். படிப்பதற்கு, பத்துப் பதினைந்து மெஷின்களை ஒன்றாக எழுப்பிப் பார்ப்பதற்கு, அதைவிட மலிவான வழி இல்லை.

நாகமலைப் பொறியாளர்:
இதில் ஐயா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். ஆய்வகத்துக்குக் கோரும் ரேமும்தான் வேண்டும், அது இரவில் அணைந்தும் கிடக்கும்.

கிடங்கு அப்படியில்லை. 2018 ஜனவரியில், நினைவகத்தில் இருக்கும் ரகசியத் தரவை வேறொரு நிரல் படிக்க வழிவிடும் மெல்ட்டவுன் என்ற சிப் குறை வெளியானது. பிராட்வெல் அதில் அகப்பட்ட சிப். ஏஎம்டி சிப்புகள் அகப்படவில்லை. அதை மென்பொருளால் அடைத்ததற்கான விலை, இயங்குதளத்தை ஓயாமல் கூப்பிடும் தரவுத்தள வேலைகளில்தான் அதிகம் தெரியும்.

வடகரைவாசி:
பிராட்வெல்லில் நினைவக முகவரிக் குறிப்புகளை ஒவ்வொரு முறையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளும் பிசிஐடி என்ற வசதி இருப்பதால் அந்த இழப்பு குறைவு. அதைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.

மேலூர் மின்காரர்:
சிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், யுபிஎஸ் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் நிறுத்தினால் காலையில் போன மின்சாரம் மாலையில்தான் வரும். ஜெனரேட்டர் எடுக்கும் வரை பேட்டரி தாங்க வேண்டும். சுமை இரண்டு மடங்கானால் பேட்டரி தாங்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். பழைய சர்வரை எடுத்தால் யுபிஎஸ்ஸையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். அதையும் விலையில் சேருங்கள்.

கப்பலூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை லாரிகள் கிளம்பும் நேரத்தில் இப்போதைய சர்வரை அளந்து பார்த்தேன். மொத்தப் பயன்பாடு கால்வாசியைத் தாண்டவில்லை. ஆனால் பில் நிற்கும்போதெல்லாம் ஒரே ஒரு கோர் முழுதாக நிரம்பி நிற்கிறது. ரேமில் 40 ஜிபிதான் போகிறது. விலைப்பட்டியலில் உரிமக் கட்டணம் இல்லவே இல்லை. யுபிஎஸ்ஸும் இல்லை.

நாகமலைப் பொறியாளர்:
நிரம்பிய அந்த ஒற்றைக் கோர்தான் உங்கள் விடை. அந்த வரைபடத்தை அச்சடித்து முதலாளியிடம் காட்டுங்கள். புதியதற்கு 64 ஜிபி போதும், ஆனால் பிழையைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி ரேம்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். சாதாரண ரேமைப் போட்டு சர்வர் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வடகரைவாசி:
நான் என் கருத்தை மாற்றவில்லை. ரேம் வேகம் தேவைப்படும் வேலைக்கு அந்த ஜோடிதான் சிறந்தது. தம்பியின் வேலை அது இல்லை என்று இப்போது அளந்து தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒரு சர்வரை மட்டும் நம்பி நாற்பது பேரை உட்கார வைக்காதீர்கள். அந்தப் பழைய சர்வரை ஒரே சிப்போடு இன்னும் மலிவாகக் கேளுங்கள். கீழமாசி வீதிக் கடையில் வைத்து, இரவு மட்டும் எழுப்பி, காப்புப் பிரதி எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

கப்பலூர்க்காரன்:
காப்புப் பிரதிக்கு லினக்ஸ் போட்டால் உரிமமும் வேண்டாம் அல்லவா?

வடகரைவாசி:
வேண்டாம். ஆனால் மாதம் ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து, ஒரு பழைய பில்லையாவது எடுத்துச் சரிபாருங்கள்.