விளக்கை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும்: சோதனை அறிக்கை பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சியில் நானும் தம்பியும் சிறிய பட்டறை நடத்துகிறோம். இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்காகக் கைவிளக்கு ஒன்று செய்தோம்; பாட்டுக் கேட்கப் புளூடூத்தும் உண்டு. ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் மாமா 200 விளக்குகள் கேட்கிறார்.

"சி.இ. என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடு" என்கிறார் அவர். பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்று காட்டும் அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் இருப்பது அவருக்குத் தெரியாது. புளூடூத் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/53 வானொலிக் கருவி விதி பொருந்தும்.

பெரிய தலையிடி மின்கலம். லித்தியம் செல்களுக்கான யூ.என். 38.3 அறிக்கையை (பாதுகாப்பாக அனுப்பலாம் என்று காட்டும் ஐ.நா. சோதனை அறிக்கை) விற்றவரிடம் வாங்கிவிட்டோம். ஆனால் நான்கு செல்களை நாங்களே இணைத்துக் கட்டுகிறோம். கட்டிய தொகுதிக்கும் அதிர்வு, வெப்பம், குறுக்குச்சுற்று என்று தனிச் சோதனை வேண்டும். சோதித்த தொகுதியையே வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனமில்லை, அது எங்கள் கைவேலை.

கொழும்பிலோ சென்னையிலோ இந்தச் சோதனையைச் செய்வித்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மாதிரிகள் கேட்டார்கள், செலவு எவ்வளவு? சான்றுள்ள புளூடூத் பலகையைப் பொருத்தினால் முழு விளக்குக்கும் எந்தெந்தச் சோதனைகள் மிஞ்சும்? மாமா தைப்பொங்கலுக்கு முன் வேண்டும் என்கிறார்.