சியோலில் ஓர் இரவில் பணிந்த அதிகாரம் வன்னியில் ஏன் பணியவில்லை?

கேள்வி: குடியியல் ஆசிரியை, கிளிநொச்சி

கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை ஒன்றில் குடியுரிமைக் கல்வி கற்பிக்கிறேன். ஜனநாயகம் பற்றிய பாடத்துக்கு, 2024 டிசெம்பர் 3 ஆம் திகதி இரவு தென்கொரியாவில் நடந்ததை உதாரணமாக எடுத்தேன். மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த ஜனாதிபதி யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அரசியல் நடவடிக்கைகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. படையினர் உலங்குவானூர்திகளில் பாராளுமன்ற வளாகத்தில் வந்து இறங்கினர். ஆயினும் பொழுது விடிவதற்குள் அந்த அறிவித்தலை அவரே மீளப்பெற்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைக் கேட்டு, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கிய அம்மாமாருக்கு ஏன் இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று கேட்டாள். சனம் திரண்டால் அதிகாரம் பணியும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. எந்த நிலைமையில் பணிகிறது, எந்த நிலைமையில் பணிய மறுக்கிறது என்பதைச் சிந்தித்தவர்கள் எழுதினால் வகுப்புக்கு எடுத்துச் செல்வேன்.

பதில்: ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர், வவுனியா

வணக்கம் ரீச்சர். சியோலில் நடந்தது ஓர் இரவுக்குள் முடிந்த கதை அல்ல என்பதை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அன்று இரவு பத்தரை மணியளவில் அறிவித்தல் வந்தது. பொதுமக்கள் பாராளுமன்ற வாயிலை நோக்கி ஓடிவந்தார்கள். பொலிசார் வாயில்களை மறித்திருந்தபடியால் உறுப்பினர்கள் சிலர் மதிலேறிக் குதித்தே உள்ளே போனார்கள். உள்ளிருந்த ஊழியர்கள் மேசை நாற்காலிகளைக் குவித்துக் கதவுகளை அடைத்து, தீயணைப்புக் கருவிகளை எடுத்துப் படையினர் மீது பீச்சினார்கள். நள்ளிரவு ஒரு மணியளவில், 300 உறுப்பினர்களில் சபைக்கு வந்துசேர்ந்த 190 பேரும் ஒருவர் விடாமல் இராணுவச் சட்டத்தை நீக்கக் கோரி வாக்களித்தார்கள். அந்நாட்டு அரசியலமைப்பின் 77 ஆவது உறுப்புரையின்படி அத்தகைய வாக்களிப்புக்கு ஜனாதிபதி கட்டுப்பட்டே ஆகவேண்டும். துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் தள்ளுமுள்ளுப்பட்டார்களே தவிரச் சுடவில்லை.

எனது கணிப்பில் விடயத்தின் மையம் இதுதான். சர்வாதிகாரி தன் கையால் எவரையும் பிடித்து அடைப்பதில்லை. ஒருவர் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும், ஒருவர் வாகனம் ஓட்ட வேண்டும், ஒருவர் கதவை உடைக்க வேண்டும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்: கோவை ஒன்று ஓர் எழுதுவினைஞரின் மேசையைவிட்டு நகராவிட்டால் அமைச்சரின் உத்தரவும் நகராது. வாயிலில் கூடிய சனம் செய்தது, உறுப்பினர்களுக்கு வழிவிட்டதும், கட்டளையை நிறைவேற்ற வந்தவர்களைத் தயங்க வைத்ததுமே. எரிகா செனோவெத் என்ற ஆய்வாளர் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஒப்பிட்டு, ஆயுதமில்லாதவற்றில் 53 வீதமும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 வீதமும் வெற்றி பெற்றதாகக் கண்டார். அரசின் ஆட்களே அரசைக் கைவிடுவது ஆயுதமற்ற போராட்டங்களில் கூடுதலாக நிகழ்கிறது என்பதை அதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாக அவர் காட்டினார்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? 1980 மே 18 ஆம் திகதி, குவாங்ஜு நகரில் இராணுவச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது படை ஏவப்பட்டது. கொல்லப்பட்டவர்களைக் கலகக்காரர் என்றே அரசு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் அதை ஏற்க மறுத்து, நினைவு நாளை விடாமல் கடைப்பிடித்தன. 1996 இல் அன்றைய தளபதி சுன் டூ ஹுவான் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். பின்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டாலும், 1997 இல் மே 18 தேசிய நினைவு நாளாயிற்று. 2024 இல் மதிலேறியவர்களில் பலரும், சுடாமல் நின்ற சிப்பாய்களும் அந்த வரலாற்றைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள். மே 18 என்ற நாள் வன்னியில் உள்ள எவருக்கும் விளக்கம் தேவைப்படாத நாள். முள்ளிவாய்க்காலுக்கும் குவாங்ஜுவுக்கும் வேறுபாடுகள் மிகப் பல. ஆனால் இழந்தவர்களின் பிடிவாதம் பின்னொரு காலத்தில் ஒரு நாட்டையே காத்தது என்பதைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும்.

பதில்: முள்ளியவளை வாசகர்

ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் அவர் சொன்ன பொறிமுறை எங்களிடம் ஏன் இயங்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பஹ்ரைனைப் பாருங்கள். 2011 இல் அந்தச் சிறிய நாட்டில், சனத்தொகையோடு ஒப்பிட்டால் மிகப் பெருந்திரளானோர் வீதிக்கு வந்தார்கள். பாதுகாப்புப் படைகளில் பெரும்பான்மையினர் போராடிய மக்களின் பிரிவைச் சேராதவர்கள். வெளிநாட்டிலிருந்து சேர்க்கப்பட்டோரும் இருந்தார்கள். மார்ச் 14 ஆம் திகதி சவூதிப் படைகளும் வந்திறங்கின. போராட்டம் நசுக்கப்பட்டது. கட்டளையை நிறைவேற்றுபவருக்கு எதிரில் நிற்பவர் அந்நியராகத் தெரிந்தால் தயக்கம் பிறப்பதில்லை. வன்னியில் முகாம் வாசலில் நிற்கும் சிப்பாய்க்கு எங்கள் மொழி தெரியாது. எதிரே இருக்கும் கிழவி எதற்காக அங்கே இருக்கிறாள் என்பதை அவனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை; அவள் எதிரியின் தாய் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

அப்படியிருந்தும் சில வெற்றிகள் உண்டு. கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 ஆம் திகதி விமானப்படை முகாமுக்கு முன்னால் அமர்ந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் தெருவோரத்திலேயே படித்தார்கள், இரவில் பனியில் கிடந்தார்கள். மார்ச் 1 ஆம் திகதி அவர்களின் காணி விடுவிக்கப்பட்டது. இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி வெள்ளைக் கொடிகளோடு படகேறித் தங்கள் தீவில் போய் இறங்கிவிட்டார்கள். அவர்களைத் திருப்பியனுப்பக் கடற்படையால் முடியவில்லை. இரண்டு இடங்களிலும் கேட்கப்பட்டது உறுதி உள்ள காணி. அதை விட்டுக்கொடுப்பதால் எந்தத் தளபதியும் சிறைக்குப் போகமாட்டார். அம்மாமார் கேட்பதோ பிள்ளைகளை யார் கொண்டுபோனார்கள் என்பதை. அதற்குப் பதில் சொன்னால் பெயர்கள் வரும். அவர்களின் போராட்டக் கொட்டிலில் தரப்பாளுக்குக் கீழே வரிசையாகத் தொங்கிய படங்களில் முகங்கள் வெயிலில் வெளிறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். பதில் கிடைக்காமலே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போரின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்தபோது, வாசலில் நின்று மறித்த தாய்மாரும் வன்னியில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறோம். எந்தப் பக்கத்துத் துப்பாக்கியிடமும் கேள்வி கேட்கலாம் என்பதை அந்தத் தாய்மாரிடமிருந்துதான் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது எனது உறுதியான எண்ணம்.

பதில்: கமக்காரர், கண்டாவளை

தெற்கில் நடந்ததையும் இதில் சேர்க்க வேண்டும். 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20 ஆவது திருத்தம் நிறைவேறி, அதிகாரம் மீண்டும் ஜனாதிபதி ஒருவரின் கையில் குவிந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. எந்தக் கமக்கார அமைப்பிடமும் கேட்கவில்லை. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோக விதைப்பு முடிந்திருந்தது. யூரியா காணாத நெல் மஞ்சளித்து நின்றதை வரம்பில் நின்று பார்த்தவர்களுக்கு, தனியொருவர் ஆட்சி என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை.

2022 ஜூலை 9 ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது படையினர் ஒதுங்கினார்கள். ஐந்தாம் நாள் கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். அதே படை, ஜூலை 22 ஆம் திகதி அதிகாலையில், கூட்டம் குறைந்திருந்த காலிமுகத்திடலுக்குள் புகுந்து அடித்தது. புதிய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவைப் பாராளுமன்றத்தில் 134 வாக்குகள் தெரிவுசெய்திருந்தன. சனம் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது, அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்களில் பலர் அந்தப் போராட்டத்தைத் தள்ளி நின்றே பார்த்தோம், எங்கள் காயத்தைக் கேட்க அவர்கள் வரவில்லை என்ற மனத்தாங்கலில். அது நியாயமான மனத்தாங்கல். ஆனால் அந்த ஆண்டு மே 18 ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்குச் சுடர் ஏற்றி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். கஞ்சி வாங்கிக் குடித்த சிங்கள இளைஞர்களில் ஒருவரின் தம்பி நாளை வன்னி முகாம் ஒன்றில் காவல் நிற்கக்கூடும். முள்ளியவளைக்காரர் கேட்கும் தயக்கம் அந்த வழியாகத்தான் வரமுடியும் என்று நம்புகிறேன்.

ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். துப்பாக்கியும் தாங்கியும் வராமல், சத்தமில்லாமல் ஜனநாயகம் தேயும்போது கூட்டம் எங்கே கூடுவது?

பதில்: சட்டத்தரணி, மன்னார்

வடக்கில் நாம் அதற்குள்ளேதான் வாழ்கிறோம். 2013 செப்டெம்பரில் நாம் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் திறைசேரியில் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அதை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு 2025 மே 6 ஆம் திகதி நடந்தது.

2018 இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்ததைச் சட்டவிரோதம் என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த வழக்கில் மனுதாரராக முன்னின்றவர் இரா. சம்பந்தன் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். நாட்டின் பாராளுமன்றத்தை மீட்ட தீர்ப்பு ஒரு தமிழரின் பெயரால் வழங்குகிறது.

சத்தமில்லாத தேய்வுக்குச் சத்தமில்லாத வேலை வேண்டும், அதுவும் உடனடியாக. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. பேருந்துக் காசும் சட்டத்தரணியும் தேடுவதற்குள் வன்னிச் சனத்துக்கு அந்த மாதம் கடந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் எடுக்கப்படாது. வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக்கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.