பக்கத்தில் இருப்பவர் கெடுத்த கோட்டைக்கு நான் ஏன் புள்ளி இழக்க வேண்டும்?

மாங்குளத்தான்:
கிளிநொச்சியில் லீவு நாட்களில் கூடி விளையாடும் எங்கள் ஆக்களிடம் இப்போது 'பிட்வீன் டூ காசில்ஸ் ஒஃப் மேட் கிங் லுட்விக்' என்ற பலகை விளையாட்டுத்தான் ஓடுகிறது. 2018 இல் ஸ்டோன்மையர் நிறுவனம் வெளியிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வட்டமாக இருப்போம். இடப்பக்கத்தவரோடு சேர்ந்து ஒரு கோட்டை, வலப்பக்கத்தவரோடு சேர்ந்து இன்னொன்று. ஆளுக்கு 9 டைல் (அட்டைத் துண்டு), ஒவ்வொன்றும் ஓர் அறை. இரண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தவரிடம் கொடுப்போம். எடுத்ததில் ஒன்று இந்தக் கோட்டைக்கு, மற்றது அந்தக் கோட்டைக்கு. இதுவரை நல்லது. ஆனால் கடைசியில் என் புள்ளி என்பது இரண்டு கோட்டைகளில் குறைந்ததின் புள்ளி! வலப்பக்கத்தில் இருப்பவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே டைல் வைத்தால், இடப்பக்கத்தில் நான் எவ்வளவு கவனமாகக் கட்டியும் பயனில்லை. இது அநியாயமான விதி.

நந்திக்கடல்:
தம்பி, அந்த விதிதான் இந்த விளையாட்டின் உயிர். இரண்டு பக்கமும் வேலியைப் பங்கிட்டுக் குடியிருப்பவர் ஒரு பக்கத்து ஆளோடு மட்டும் நல்லாக இருந்து காலம் தள்ள முடியாது. இங்கேயும் அப்படித்தான். உங்களோடு கட்டிய கோட்டையை அவர் கெடுத்தால் அவருடைய புள்ளியும் அதற்கு மேல் போகாது. ஆகவே கெடுப்பதால் யாருக்கும் லாபமில்லை.

மாங்குளத்தான்:
லாபம் பார்த்துக் கெடுக்கிறவரைப் பற்றி நான் பேசவில்லை அண்ணை. வெல்லவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் வந்து இருப்பவருக்கு இந்தத் தண்டனை உறைக்காது. உறைப்பது எனக்குத்தான்.

பாலைநிழல்:
நானும் மாங்குளத்தான் பக்கம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. புள்ளி போட, சில அறைக்கு அருகில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், சிலவற்றுக்குக் கோட்டை முழுவதையும் எண்ண வேண்டும். ஒரே வகை அறையில் மூன்றாவது வந்தால் ஒரு சலுகை, ஐந்தாவது வந்தால் சிறப்பு அறை. ஒரு பிள்ளைக்கு இது பழகவே நேரம் எடுக்கும். அதற்குள் தன் குறைந்த கோட்டை எது என்றும் கணக்குப் பார்க்கச் சொன்னால் எப்படி? எண்ணி முடிக்கிற நேரத்தில் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுகிறார்கள்.

நந்திக்கடல்:
எண்ணுவது சிரமம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுப்பதால் ஏழு பேர் இருந்தாலும் ஒருவருடைய முறைக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய கூட்டத்துக்கு வேறு எத்தனை விளையாட்டு அப்படி இருக்கிறது?

விதிக்கு வருவோம். குறைந்ததை விட்டு, இரண்டு கோட்டைகளின் கூட்டுத்தொகையை எடுத்தால் என்ன நடக்கும்? நல்ல டைல் எல்லாவற்றையும் ஒரு பக்கத்திலேயே கொட்டுவோம். ஐந்தாவது அறைக்குரிய சிறப்பு அறை வரை ஒரே கோட்டையை வளர்ப்போம், மற்றப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பியும் பார்க்க மாட்டோம். அவர் சும்மா இருப்பார். குறைந்ததை எடுக்கும்போதுதான் பின்தங்கிய கோட்டையின் பக்கம் கண் போகிறது.

முறிகண்டிவாசி:
304 சீட்டாட்டத்தில் என்ன செய்கிறோம்? கூட்டாளி எதிரே இருக்கிறார், ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது. அவர் பிழையாக ஒரு தாள் இறக்கினால் இருவரும் தோற்கிறோம். அதை அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. இங்கே கூட்டாளி தோளோடு தோள் இருக்கிறார், எடுத்த டைலைத் திருப்பிக் காட்டிய பிறகு எங்கே வைப்பது என்று தாராளமாகக் கதைக்கலாம். மாங்குளத்தான் அந்தப் பக்கத்தவரோடு கதைத்தாரா?

(ஒரு சின்ன விஷயம்: விளையாட்டின் பெயரில் வரும் பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் பிறந்தது 1845 ஆகஸ்ட் 25. வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததாகச் சொல்லப்படுவதும் ஆகஸ்ட் 25 தான், 1803 இல். எங்கள் பிள்ளைகள் ஒருநாள் அந்தக் கோட்டையையும் இப்படி ஒரு விளையாட்டாகச் செய்ய வேண்டும் என்று ஆசை.)

மாங்குளத்தான்:
கதைத்தேன். "நீங்களே பாருங்கோ" என்றார். அப்புறம் இரண்டு பேருடைய டைலையும் நானே வைத்தேன். அது கூட்டாகக் கட்டுவதா? 304 இல் கூட்டாளியும் நானும் ஒன்றாக வெல்வோம், ஒன்றாகத் தோற்போம். இங்கே பக்கத்தில் இருக்கிற இருவரும் எனக்குக் கூட்டாளிகள், அதே நேரம் எதிராளிகள்.

நந்திக்கடல்:
அந்த இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் சுவை. முதற் சுற்றில் மிச்ச டைலை இடப்பக்கம் கொடுக்கிறோம், இரண்டாம் சுற்றில் வலப்பக்கம். நான் விட்டுக்கொடுக்கும் நல்ல அறை என் கூட்டாளியின் கைக்கே போகிறது. அவர் அதை எங்கள் கோட்டையில் வைப்பாரா, தன் மற்றக் கோட்டையில் வைப்பாரா? எங்கள் கோட்டை அவருக்குக் குறைந்ததாக இருந்தால் இங்கே வைப்பார். ஆகவே அவருடைய மற்றக் கோட்டையையும் பார்த்துத்தான் நான் கொடுக்க வேண்டும்.

பாலைநிழல்:
அந்தக் கணக்கு உங்களுக்குச் சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு?

நந்திக்கடல்:
பிள்ளையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் இருத்துங்கள் தங்கச்சி. இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்.

மாங்குளத்தான்:
இருக்கை மாற்றுவதற்கு நானும் சம்மதம். அடுத்த முறை கவனமாக ஆடுகிற ஆளை என் இரண்டு பக்கமும் வையுங்கள், ஆடுகிறேன். ஆனால் அக்கறையில்லாத ஆள் இன்னொருவருக்குப் பக்கத்தில்தானே போய் இருப்பார்? அந்த இன்னொருவர் புள்ளி இழப்பதற்கு என்ன பதில் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.