நோபல் பரிசு வாங்கிய பாலிமர், மீட்டரில் அசைவே இல்லை: உதவி வேண்டும்

ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது மின்கடத்தும் பாலிமர்களுக்காக. அதை பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட முயல்கிறேன். 1977-இல் அவர்கள் அயோடின் ஏற்றிய பாலிஅசிட்டிலீன் பள்ளி ஆய்வகத்துக்குச் சரிப்படாது, அதனால் இன்னொரு மின்கடத்தும் பாலிமரான பாலிஅனிலினை எடுத்துக்கொண்டேன்.

அனிலின் ஹைட்ரோகுளோரைடு, அம்மோனியம் பெர்சல்ஃபேட், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்றையும் கலந்தேன். கரும்பச்சைப் பொடி அருமையாக வந்தது. குழாய்த் தண்ணீரில் பலமுறை அலசியதும் நீலமாகிவிட்டது. காயவைத்து வில்லையாக அழுத்தினால் மின்சாரம் துளியும் கடத்தவில்லை. மல்டிமீட்டர், கம்பி, பேட்டரி எல்லாம் மாற்றிப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் மூன்று முறை, இதே கதை.

வெள்ளிக்கிழமை வகுப்பு. பிளாஸ்டிக் வழியாக எல்இடி எரிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்த நீலப் பொடியை மறுபடி நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் கடத்தும் தன்மை திரும்புமா?