புதுப்பிப்பு: 'பென்-டோ' 12 எபிசோடும் பார்த்து முடித்தேன்

மூன்று எபிசோடு பார்த்துவிட்டு, 2011-இல் வந்த 'பென்-டோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை முந்தைய பதிவில் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருந்தேன். ராத்திரி சூப்பர் மார்க்கெட்டில் மிச்சமிருக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் எலும்பு முறிய அடித்துக்கொள்வார்கள். இதுதான் கதை.

இப்போது முழுவதும் பார்த்தாயிற்று. பாதிக்கு மேல் அலுத்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டியவர் உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை ஒருவரும் அசையக் கூடாது. அந்த ஒரு நொடி அமைதி முதலில் மயிர்க்கூச்செறிய வைத்தது. அதையே திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எனக்குப் பதற்றமே வரவில்லை. புதுப் புது பட்டப்பெயரோடு ஆள் வருகிறார், அதே அடிதடி. நடுவில் பெண்களைக் காட்டும் விதம் முகம் சுளிக்க வைக்கிறது.

ஆனால் சாப்பாட்டைக் காட்டும் அழகில் குறையே இல்லை. எபிசோடுகளின் தலைப்பே பெட்டியின் பெயரும் கலோரிக் கணக்கும்தான். தோற்றவன் கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, ஜெயித்தவரின் பக்கத்தில் உட்காருகிறானே, அந்தக் காட்சிகள் எனக்கு இன்னும் பிடித்திருக்கின்றன.

சரி, புதிதாகத் தொடங்குபவர்கள் வாரத்துக்கு ஒன்றாகப் பாருங்கள். நான் இரண்டே நாளில் முடித்தது தப்பு.