ராணுவ ஊன ஓய்வூதிய முறையீட்டில் சொந்த மருத்துவரின் கடிதம் எடுபடுமா?

சேன் பியேர்வாசி:
பெரியோர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு ராணுவத்தின் பாராசூட் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனில் வசிக்கிறேன். பயிற்சியில் குதித்து இறங்கியபோது இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. ஊன ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தேன். நிர்வாகம் நியமித்த மருத்துவர் காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு ஊன விகிதம் 10 சதவீதம் என்று எழுதிவிட்டார். பல ஆண்டுகளாக என்னைக் கவனித்துவரும் எலும்பு மருத்துவரோ அது மிகக் குறைவு என்கிறார். அவருடைய கடிதத்தை வைத்து முறையிட முடியுமா?

பழைய சொல்தா:
முடியும் தம்பி. முடிவுக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள், ஊன ஓய்வூதியங்களுக்கான முறையீட்டு ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேரே வழக்குப் போட முடியாது. ஆணையம் மறுத்தாலோ, 4 மாதங்கள் பதிலே இல்லாமல் போனாலோ (அதுவும் மறுப்புதான்), ரெயூனியோனின் தலைநகர் சேன் தெனியில் உள்ள நிர்வாக நீதிமன்றத்தை நாடலாம்.

கோப்பு பார்ப்பவள்:
முன்னாள் வீரர்களின் கோப்புகளைத் தயாரிக்க உதவி வருபவள் என்ற முறையில், கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். காயத்துக்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தபட்சம் 10 சதவீதம் வேண்டும். அந்த விகிதத்தில் நிர்வாகம் உங்களுக்கு ஓய்வூதியம் கொடுத்திருந்தால், காயம் பணியால் வந்தது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். எனவே விபத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை, விகிதம் ஒன்றே வழக்கு. "இவர் மிகவும் அவதிப்படுகிறார்" என்ற கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் பயனே இல்லை. முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, மூட்டு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது, இடது தொடையின் சுற்றளவு வலது தொடையைவிட எத்தனை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்று அளந்து எழுதி, அந்த அளவுகள் அதிகாரபூர்வ ஊன அளவீட்டு அட்டவணையின் எந்த வரியில் பொருந்துகின்றன என்பதையும் மருத்துவர் குறிப்பிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது தேதி. நீங்கள் விண்ணப்பித்த நாளில் கால் எப்படி இருந்தது என்பதைத்தான் ஆணையமும் நீதிமன்றமும் பார்க்கும். அதற்குப் பின் மோசமானதை இந்த முறையீட்டில் சேர்க்க முடியாது; அதற்குத் தனியாக மறு ஆய்வு கேட்க வேண்டும், அதிலும் விகிதம் முன்பைவிடக் குறைந்தது 10 புள்ளிகள் கூடியிருந்தால்தான் மாற்றுவார்கள்.

பழைய சொல்தா:
அம்மா சொல்வது முற்றிலும் சரி. நீதிபதி மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டால், உங்கள் மருத்துவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு உரிமை உண்டு, செலவு நம்முடையது. தனியாகப் போய், கேட்டதற்கெல்லாம் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நம்மவர்கள் பலர் அப்படித்தான் இழக்கிறார்கள்.

சேன் பியேர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் கொடுத்த கடிதத்தில் இன்றைய நிலை மட்டுமே இருக்கிறது. விண்ணப்பித்த மாதத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையும் அப்போதைய பரிசோதனைக் குறிப்புகளும் அவரிடமே உள்ளன. அவற்றைக் கொண்டு புதிதாக எழுதித் தரும்படி கேட்கப் போகிறேன்.